அருணா நதி கடல் சேரும் துறை
(பழவேற்காட்டின் பழம்பெருமை)

நாராயணவனத்தில் வந்து குடியேறி வாழும் நம்மவருள் அருணா நதியை அறியாதார் ஒருவரும் இலர். ஆண்டின் பெரும்பகுதி வெறும் வெண்மணலாய்க் கிடப்பதும், ஐப்பசி கார்த்திகைத் திங்களில் மழை கனத்துவிட்டால் ஒரே இரவில் செந்நீராய்ப் பெருக்கெடுப்பதுமாகிய அதன் இருவேறு கோலங்களையும் நாம் ஆண்டுதோறும் கண்டு வருகிறோம். கல்யாண வேங்கடேசுவரப் பெருமாளைச் சேவிக்க வருவோரும், சொரக்காய்ச் சுவாமிகளின் சமாதியை வணங்க வருவோரும் அந்த ஆற்றைப் பார்த்தே செல்கின்றனர். ஆயினும், "இந்த ஆறு இங்கிருந்து எங்கே போகிறது?" என்று நம் காலனிப் பிள்ளைகளைக் கேட்டால், பலர் விடை கூறத் தயங்குவர்.

அருணா நதி என்று நாம் அழைக்கும் இதுவே தமிழ்நாட்டில் ஆரணியாறு என்று பெயர் பெறுகிறது. கார்வேட்டிநகரத்து மலைகளில் தோன்றி, நம் ஊரைக் கடந்து, பிச்சாட்டூர் நீர்த்தேக்கத்தில் சிறிது தங்கி, பள்ளிகொண்ட கோலத்தில் சிவபெருமான் காட்சி தரும் சுருட்டப்பள்ளியைத் தொட்டு, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வழியாகச் சென்று, ஏறத்தாழ 130 கிலோமீட்டர் நடந்து பழவேற்காட்டில் கடலை அடைகிறது. ஆங்கிலேயர் காலத்துச் செங்கற்பட்டு மாவட்டக் குறிப்புகளில் இந்த ஆற்றுக்கு "நாரணவரம் ஆறு" என்றே பெயர் எழுதப்பட்டிருந்தது. நம் ஊரின் பெயரைத் தாங்கியே இந்த ஆறு கடல்வரை சென்றது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

ஓர் ஆற்றின் தலைப்பகுதியில் வாழ்வோர் அதன் கடைப்பகுதியின் கதையையும் அறிந்திருத்தல் நலம். அக்கடைப்பகுதியோ சாதாரணமானதன்று. சென்னைப் பட்டினம் பிறப்பதற்கு முன்பே உலகின் பல நாட்டுக் கப்பல்களும் நாடி வந்த துறை அது. இன்றோ மீன் வலைகளும், படகுகளும், பழைய கல்லறைகளும், பறவைகளுமே நிறைந்த அமைதியான சிற்றூர். அவ்வூர் எவ்வாறு உயர்ந்தது, ஏன் தாழ்ந்தது, இன்று எந்நிலையில் உள்ளது என்பதை இம்மலர் வாயிலாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காயலின் அமைப்பு

வரைபடத்தில் சென்னைக்கு வடக்கே கடற்கரையோரமாகப் பார்த்தால், நிலத்துக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் ஒரு நீர்ப்பரப்பைக் காணலாம். அதுவே பழவேற்காடு ஏரி. ஏரி என்று வழங்கினாலும் உண்மையில் அது ஒரு காயல். ஆற்று நீரும் கடல் நீரும் கலந்து உவர்ப்பாய் இருப்பது. இந்தியாவில் உள்ள உவர்நீர்க் காயல்களுள், ஒரிசாவின் சிலிகைக்கு அடுத்தபடியாக இதுவே பெரியது. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளம் உடையது. ஆனால் ஆழமோ மிகக் குறைவு. பல இடங்களில் ஓர் ஆள் இடுப்பளவு நீரில் நடந்தே செல்லலாம்.

தெற்கே ஆரணியாறும், மேற்கே காளங்கி ஆறும், வடக்கே காளத்தியப்பரின் திருவடியை வலம் வந்து பாயும் சுவர்ணமுகியின் ஒரு கிளையும் இக்காயலில் நன்னீரைக் கொண்டு சேர்க்கின்றன. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா என்னும் நீண்ட மணல் தீவு, வங்கக் கடலுக்கும் காயலுக்கும் இடையே மதில் எடுத்தாற்போல் நிற்கிறது. காயலின் நடுவே இருக்கம், வேநாடு முதலிய தீவுகள் உள்ளன. தெற்குக் கோடியில், ஆறும் காயலும் கடலும் ஒன்றையொன்று சந்திக்கும் முகத்துவாரத்தின் அருகே, மூன்று புறமும் நீர் சூழ்ந்து தீவு போலவே தோன்றும் ஊர்தான் பழவேற்காடு.

இத்தகைய இடத்தில் துறைமுகம் ஏன் தோன்றியது? சோழமண்டலக் கரை முழுவதும் திறந்த கரை. அலை ஓங்கி அடிப்பது. இயற்கையான மறைவு ஒன்றும் இல்லாதது. பெரிய கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்க, சரக்குகளைச் சிறு படகுகளிலே கரைசேர்த்தல் அக்கால வழக்கம். அப்படகுகள் அலையைத் தாண்டி அமைதியான நீரில் நுழைந்துவிட ஒரு முகத்துவாரமும், உள்ளே ஒதுங்க ஒரு காயலும் இருந்தால் வணிகருக்கு வேறென்ன வேண்டும்? அன்றியும் காயல் வழியாகவே வடக்கும் தெற்கும் படகில் சென்று, உள்நாட்டு ஊர்களின் நெல்லையும் துணியையும் கொண்டுவர முடிந்தது. இயற்கை அளித்த இந்த வாயிலே பழவேற்காட்டின் செல்வத்துக்குக் காரணம். அந்த வாயில் தூர்ந்ததே அதன் தாழ்வுக்கும் ஒரு காரணம் ஆயிற்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

பெயரும் பழைமையும்

வேல் என்பது வேலமரத்தைக் குறிக்கும். பழைய வேலங்காடு இருந்த இடம் பழவேற்காடு ஆயிற்று என்பர். அயல்நாட்டார் நாவில் அது பலியக்கட்டா என்றும், புலிக்கட் என்றும் பலவாறாகத் திரிந்தது. நம் வடமொழிப் பற்றாளர் சிலர் அதனைப் பிரளய காவேரி என்றும் வழங்கினர்.

அரபு நாட்டிலிருந்து கலங்களில் வந்து இறங்கிய முஸ்லிம் குடும்பங்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்குக் குடியேறின என்பது அவ்வூரார் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. அவர்கள் தமிழையே தாய்மொழியாகக் கொண்டு, மரக்கலத் தொழிலிலும் துணி வணிகத்திலும் சிறந்து விளங்கினர். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் வழக்கும் இக்கரையோரத்து முஸ்லிம் மக்களிடையே வளர்ந்தது. வந்த நாட்டின் மொழியைத் தமதாக்கிக் கொண்டு, தம் சமய நெறியையும் விடாது காத்த அம்மக்களின் வாழ்வு, வேற்றிடத்தில் குடியேறி வாழும் நமக்கு ஒரு பாடமாகும்.

விசயநகரப் பேரரசின் காலத்தில் பழவேற்காடு கிழக்குக் கரையின் தலைசிறந்த துறைகளுள் ஒன்றாய் விளங்கியது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் நாட்டில் இருந்த துவார்த்தே பர்போசா என்னும் போர்ச்சுகீசியர், இவ்வூரைப் பற்றித் தம் நூலில் எழுதியுள்ளார். பர்மாவின் பெகு நாட்டிலிருந்து கெம்பு முதலிய மணிகள் இங்கு வந்து இறங்கின. இங்கிருந்து வண்ணத் துணிகள் மலாக்காவுக்கும் அதற்கு அப்பாலும் ஏற்றுமதியாயின. அந்த நூற்றாண்டிலேயே போர்ச்சுகீசியரும் இங்கு வந்து தங்கித் தேவமாதாவுக்கு ஒரு கோயில் எழுப்பினர். அதே காலத்தில் விசயநகரச் சிற்ப முறையில் ஆதிநாராயணப் பெருமாள் கோயிலும் எழுந்தது. செம்புறைக் கல்லால் கட்டப்பட்ட அக்கோயிலில் இராமாயணக் காட்சிகள் சிறு சிறு சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. ஆற்றின் தலையில் கல்யாண வேங்கடேசர், கடையில் ஆதிநாராயணர் என்று ஒரே ஆறு இரு நாராயணர்களையும் இணைப்பது எண்ணி மகிழத்தக்கது.

டச்சுக்காரர் வருகை

ஒல்லாந்தர் எனப்படும் டச்சு நாட்டு வணிகர், மசாலைப் பொருள்களைத் தேடிச் சாவகம், சுமத்திரை முதலிய தீவுகளுக்குச் சென்றபோது ஒரு பேருண்மையை உணர்ந்தனர். அத்தீவு மக்கள் தம் மிளகையும் கிராம்பையும் வெள்ளிக்கு விற்பதைவிடச் சோழமண்டலத்துத் துணிக்கு மாற்றிக் கொள்வதையே விரும்பினர். ஆகவே மசாலை வேண்டுமானால் முதலில் நம் நாட்டுத் துணி வேண்டும் என்றாயிற்று. அத்துணியைத் தேடியே அவர்கள் மசூலிப்பட்டினத்திலும், தேவனாம்பட்டினத்திலும், பின்னர்ப் பழவேற்காட்டிலும் பண்டகசாலை அமைக்க முயன்றனர்.

அக்காலத்தில் விசயநகர மன்னராய் இருந்தவர் இரண்டாம் வேங்கடபதி தேவராயர். பெனுகொண்டாவை விட்டுச் சந்திரகிரியிலும், பிறகு வேலூரிலும் இருந்து அவர் அரசு செலுத்தினார். பழவேற்காட்டுப் பகுதி அவர் தேவியருள் ஒருவருக்கு உரியதாய் இருந்தது. 1610ஆம் ஆண்டில் டச்சுக்காரர் மன்னரிடம் உடன்படிக்கை பெற்றுப் பழவேற்காட்டில் வணிகம் செய்யத் தொடங்கினர். கடற்கரைத் துறையின் விதி, கடலிலிருந்து வெகுதூரத்தில், நம் ஊருக்கு அண்மையிலுள்ள சந்திரகிரி மலையடிவாரத்து அரண்மனையையும் வேலூர்க் கோட்டையையும் சார்ந்து இருந்தது என்பது நாம் அறிந்து பெருமை கொள்ளத்தக்க செய்தியாகும்.

சாந்தோமில் வலிமையோடு இருந்த போர்ச்சுகீசியருக்கு இது பொறுக்கவில்லை. 1612ஆம் ஆண்டில் அவர்கள் திடீரெனப் பழவேற்காட்டின்மீது பாய்ந்து டச்சுப் பண்டகசாலையை அழித்தனர். வேலியில்லாப் பயிர் வீடு வந்து சேராது என்பதை உணர்ந்த டச்சுக்காரர், 1613ஆம் ஆண்டில் அங்கே ஒரு கோட்டையைக் கட்டினர். அக்காலத்து டச்சு அதிகாரியான வெம்மர் வான் பெர்க்கெம் என்பவரின் சொந்த மாகாணமாகிய கெல்டர்லாந்தின் பெயரால் அதற்கு கெல்டிரியாக் கோட்டை என்று பெயரிட்டனர். அதுமுதல் 1690 வரை, சோழமண்டலக் கரையில் இருந்த டச்சு வணிக நிலையங்கள் அனைத்துக்கும் பழவேற்காடே தலைமையிடமாய் விளங்கிற்று.

செல்வமும் அதன் நிழலும்

அந்நாளில் பழவேற்காட்டின் வளத்துக்கு வேராய் இருந்தவர்கள் கோட்டையில் வாழ்ந்த வெள்ளையர் அல்லர். சுற்றுப்புறத்து ஊர்களில் தறியிலும் சாயத்தொட்டியிலும் உழைத்த நம் மக்களே ஆவர். கடற்கரை மணலில் விளையும் சாயவேரிலிருந்து எடுத்த சிவப்புச் சாயம், துவைக்கத் துவைக்க மங்காது பொலிவு பெறுவது. அச்சாயம் தோய்த்த கட்டம் போட்ட துணிகளும், கையால் வண்ணம் தீட்டிய துணிகளும் கடல் கடந்த நாடுகளில் பெயர் பெற்றன. வட அமெரிக்காவின் மெக்சிகோ நாட்டில் கழுத்திலும் தலையிலும் கட்டும் வண்ணக் கைக்குட்டைக்கு இன்றும் "பலியகாத்தே" என்பதே பெயர். நம் பழவேற்காட்டின் பெயரே ஐந்து கண்டம் சுற்றி அங்கே அவ்வாறு நிலைபெற்றுள்ளது. நகரி, புத்தூர், நாராயணவனம் வட்டாரத்தில் இன்றும் தறியோசை கேட்டு வாழும் நம்மவர், இச்செய்தியை அறியும்போது தம் தொழிலின் நெடுங்காலப் பெருமையை எண்ணித் தலை நிமிரலாம்.

துணி மட்டுமன்று. பழவேற்காட்டில் டச்சுக்காரர் வெடிமருந்துச் சாலை ஒன்றை நடத்தினர். அங்கே ஆக்கிய மருந்து படேவியா எனப்பட்ட இன்றைய ஜகார்த்தா வரையில் சென்றது. நாணயச்சாலையும் இருந்தது. அவர்கள் கம்பெனியின் முத்திரை பொறித்த செப்புக்காசுகள் அங்கே அடிக்கப்பட்டன.

வரலாற்றை எழுதுவோர் ஒளியை மட்டும் காட்டி நிழலை மறைத்தல் தகாது. இதே துறையிலிருந்துதான் ஆயிரக்கணக்கான நம் மக்கள் அடிமைகளாகப் படேவியாவுக்கும் பிற தீவுகளுக்கும் கப்பலேற்றப்பட்டனர். 1614இல் வேங்கடபதி தேவராயர் மறைந்தபின் அரியணைக்காக மூண்ட உள்நாட்டுப் போரும், அந்நூற்றாண்டில் அடுத்தடுத்து நேர்ந்த பஞ்சங்களும் மக்களை நிலைகுலையச் செய்தன. ஒரு வேளைச் சோற்றுக்காகத் தம்மையும் தம் மக்களையும் விற்றுக் கொண்டோர் உண்டு. தரகர் கையில் அகப்பட்டு விலைப்பட்டோரும் உண்டு. அவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை. பிற்காலத்தில் நம் தமிழர் இலங்கைக்கும், மலாயாவுக்கும், மொரீசுக்கும், பிஜிக்கும் கூலிகளாய்ச் சென்ற நெடுங்கதையின் முதல் ஏடுகளுள் ஒன்று இப்பழவேற்காட்டுக் கரையிலே எழுதப்பட்டது என்பதை மறக்கலாகாது.

சென்னை பிறந்த கதை

பழவேற்காட்டின் வரலாறு சென்னையின் வரலாற்றோடும் பின்னிக் கிடக்கிறது. டச்சுக்காரரோடு 1619இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி ஆங்கிலேயர் 1621இல் பழவேற்காட்டிலே தாமும் வணிகம் செய்ய வந்தனர். ஓர் உறையில் இரு வாள் இருத்தல் கூடுமா? இரண்டாண்டுகளில் அவர்கள் அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. பிறகு 1626ஆம் ஆண்டளவில், இதே காயலின் வடகோடிக்கு அருகில் துர்க்கராசப்பட்டினம் என்னும் இடத்தில் ஒரு பண்டகசாலை அமைத்தனர். அதற்கு உதவிய ஆறுமுக முதலியார் என்பவரின் பெயரால் அவ்விடத்தை ஆர்மகான் என்று அழைத்தனர் என்பர்.

அங்கும் வணிகம் செழிக்கவில்லை. ஆர்மகானில் பணிபுரிந்த பிரான்சிஸ் டே என்பவர் நல்லதோர் இடம் தேடித் தெற்கே வந்து, 1639ஆம் ஆண்டில் தாமர்ல வேங்கடாத்திரி நாயகரிடம் மதராசப்பட்டினத்துக் கடற்கரையில் ஒரு துண்டு நிலத்தைப் பெற்றார். அடுத்த ஆண்டில் அங்கே புனித ஜார்ஜ் கோட்டை எழத் தொடங்கிற்று. நாயகரின் தந்தை சென்னப்பரின் பெயரால் சென்னப்பட்டினம் என்னும் பெயரும் உண்டாயிற்று. டச்சுக்காரரின் பழவேற்காடு ஆங்கிலேயருக்கு இடம் கொடுத்திருப்பின், சென்னை என்றொரு மாநகரம் அந்த இடத்தில் தோன்றியிருக்குமா என்பது ஐயமே.

தாழ்வு

1658இல் டச்சுக்காரர் போர்ச்சுகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றினர். சோழவளநாட்டின் நெல்லும், இலங்கையின் அண்மையும் அவர்களைக் கவர்ந்தன. 1690ஆம் ஆண்டில் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினர். தலைமை போன ஊருக்குத் தளர்ச்சி வருவது இயல்பு. அதன்பின் நடந்தது வல்லரசுகளின் பந்தாட்டம். 1781இல் ஆங்கிலேயர் பழவேற்காட்டைப் பிடித்தனர். பின்பு திரும்பக் கொடுத்தனர். நாகப்பட்டினத்தை இழந்த டச்சுக்காரருக்கு மீண்டும் பழவேற்காடே தலைமையிடமாயிற்று. 1795இல் மறுபடி அது ஆங்கிலேயர் வசமாயிற்று. 1806ஆம் ஆண்டளவில் கெல்டிரியாக் கோட்டை இடிக்கப்பட்டது. 1818இல் ஊர் மீண்டும் டச்சுக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1824ஆம் ஆண்டு லண்டன் உடன்படிக்கையின்படி, 1825இல் அஃது என்றென்றைக்குமாக ஆங்கிலேயருக்குச் சேர்ந்தது. இத்தனை கைமாற்றத்தில் எந்த வணிகன் அவ்வூரை நம்பி முதல் போடுவான்?

அரசியல் ஒருபுறமிருக்க, இயற்கையும் கைவிட்டது. கரையோரமாக ஓடும் கடல் நீரோட்டம் மணலைக் கொணர்ந்து முகத்துவாரத்தில் குவித்தது. ஆற்று வெள்ளம் வரும்போது வாய் திறப்பதும், வெள்ளம் வற்றியபின் தூர்ந்து போவதுமாகத் துறை நிலையிழந்தது. கப்பல்கள் பெருத்தன, துறையோ சிறுத்தது.

19ஆம் நூற்றாண்டில் ஒரு புதிய வழி பிறந்தது. சென்னையிலிருந்து எண்ணூர் வரை 1806இல் வெட்டத் தொடங்கிய கால்வாய், பழவேற்காட்டுக் காயலோடு இணைந்து, மேலும் வடக்கே நீண்டது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருடப் பெரும் பஞ்சத்தில் பசித்த மக்களுக்கு வேலை கொடுக்கும் பொருட்டும் அது வெட்டப்பட்டு, அக்காலத்து ஆளுநரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் என வழங்கலாயிற்று. ஸ்ரீஹரிகோட்டாவின் விறகும், காயலின் கிளிஞ்சலில் சுட்ட சுண்ணாம்பும், நெல்லும் உப்பும் படகுகளில் ஏறிச் சென்னைக்குச் சென்றன. சென்னை நகரத்து அடுப்புகள் பல ஆண்டுகள் இத்தீவின் விறகால் எரிந்தன.

பின்னர் இரயில் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையையும் விஜயவாடாவையும் இணைத்து, காயலுக்கு மேற்கே பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, தடா, சூளூர்ப்பேட்டை, கூடூர் வழியாக இருப்புப்பாதை போடப்பட்டது. படகு ஏழு நாளில் கொண்டு சென்ற சரக்கை வண்டி ஒரே இரவில் கொண்டு சேர்த்தது. இருப்புப்பாதையில் சம்பளம் வாங்கிப் பிழைக்கும் அடியேன் இரயிலைக் குறை கூறுதல் பொருந்தாது. ஆயினும் பாதை எந்த ஊரைத் தொடுகிறதோ அவ்வூர் வளர்வதும், எந்த ஊரை விட்டு விலகுகிறதோ அவ்வூர் மெலிவதும் நாம் எங்கும் காணும் உண்மை. இருப்புப்பாதை பழவேற்காட்டைத் தொடாமல், பதினைந்து கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில் விலகிச் சென்றுவிட்டது.

இன்றைய பழவேற்காடு

பொன்னேரி நிலையத்தில் இறங்கிப் பேருந்தில் சென்றால் பழவேற்காட்டை அடையலாம். ஊரின் நுழைவிலேயே ஒரு பேரமைதி நம்மைச் சூழ்ந்து கொள்ளும். கோட்டை இருந்த இடத்தில் அகழியின் சுவடும் மேடும் முட்புதருமே எஞ்சியுள்ளன. அதன் எதிரே டச்சுக் கல்லறைத் தோட்டம் தொல்பொருள் துறையின் காவலில் உள்ளது. அதன் வாயிலின் இருபுறமும் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கின்றன. "இன்று நீ, நேற்று நான்" என்று அவை சொல்லாமல் சொல்கின்றன. உள்ளே குலச்சின்னங்களும் டச்சு எழுத்துகளும் பொறித்த கருங்கல் பலகைகள் 17ஆம் நூற்றாண்டின் வெயிலையும் மழையையும் கண்டபடி கிடக்கின்றன. செல்வம் தேடி வந்து, இளமையிலேயே நோய்க்கு இரையாகி, தாய்நாட்டை மீண்டும் காணாமல் மாண்டோர் பலர் அங்கே உறங்குகின்றனர்.

சற்றுத் தொலைவில் உள்ள பள்ளிவாசல் ஒன்றில் கல்லால் ஆன நிழற்கடிகாரம் இருக்கிறது. தொழுகை நேரத்தைச் சூரியனின் நிழலே காட்டுகிறது. தேவமாதா கோயிலும், ஆதிநாராயணர் கோயிலும், பள்ளிவாசலும் ஒருவர் நடந்து செல்லும் தூரத்துக்குள்ளேயே அமைந்துள்ளன. அவ்வூர்ப் பெண்கள் பனையோலையால் கூடையும் பெட்டியும் முடைகின்றனர். அவற்றின் நேர்த்தி கண்ணைக் கவர்வது.

காயலை நம்பி வாழும் மீனவரிடையே "பாடு" என்னும் ஒரு பழைய முறை உண்டு. இறால் மிகுதியாகக் கிடைக்கும் நீரிடங்களைப் பாடுகளாகப் பிரித்து, எந்தக் குழுவினர் எந்த நாளில் எந்தப் பாட்டில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வர். வலியவன் நல்ல இடத்தை நிலையாகப் பிடித்துக் கொள்ளாமல், ஒருவர்க்குப் பின் ஒருவராக எல்லாருக்கும் முறை வருமாறு அமைந்த நியாயம் இது. ஆயினும் அவ்வுரிமை பரம்பரையாகச் சில ஊர்களுக்கே உரியதாய் இருப்பதால், உரிமை பெறாத ஊராரோடு பிணக்கும் எழுவதுண்டு. மீன் குறையக் குறையப் பிணக்கு கூடுவது இயல்பன்றோ?

காயலின் வடபகுதியோ வேறொரு காட்சியை அளிக்கிறது. 1969இல் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு விண்வெளி ஆய்வுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அத்தீவில் தேனும் வேரும் மீனும் கொண்டு வாழ்ந்த யானாதி மக்கள் உட்பட, அங்கிருந்த குடும்பங்கள் பல வேற்றிடம் செல்ல நேர்ந்தது. 1971 அக்டோபர் 9ஆம் நாள் அங்கிருந்து முதல் சிறு ராக்கெட் விண்ணில் பாய்ந்தது. 2023 ஜூலை 14ஆம் நாள் சந்திரயான்-3 நிலவை நோக்கிப் புறப்பட்டதும் அங்கிருந்தே. ஒருகாலத்தில் சென்னையின் அடுப்புக்கு விறகு தந்த தீவு இன்று நிலவுக்கு வழி காட்டுகிறது!

குளிர்காலத்தில் காயலின் ஆழமற்ற நீரில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குகின்றன. சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா செல்லும் சாலையின் இருபுறமும், இளஞ்சிவப்புப் பட்டு விரித்தாற்போல் அவை நிற்கும் காட்சியைக் காணக் கண் கோடி வேண்டும். அருகிலுள்ள நேலப்பட்டில் கூழைக்கடாக்கள் நீரில் நிற்கும் மரங்களிலே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. இருக்கம் தீவில் இன்றும் தமிழ் பேசும் மக்கள் வாழ்கின்றனர். அவர்கள் மாநிலத்தால் ஆந்திரர், மொழியால் தமிழர். படகே அவர்களுக்குப் பாதை. வேநாட்டுத் தர்காவுக்கோ இந்துக்களும் முஸ்லிம்களும் வேறுபாடின்றி வந்து நேர்ந்து கொள்கின்றனர்.

நமக்கும் காயலுக்கும் உள்ள உறவு

1960 ஏப்ரல் 1ஆம் நாள் ஆந்திரத்துக்கும் அன்றைய சென்னை மாநிலத்துக்கும் இடையே எல்லை திருத்தப்பட்டது. திருத்தணி தமிழகத்தைச் சேர்ந்தது. சத்தியவேடு ஆந்திரத்தைச் சேர்ந்தது. காயலும் இரு மாநிலங்களின் பங்காயிற்று. அதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும், பழவேற்காடும் முகத்துவாரமும் தமிழகத்திலும் உள்ளன. 2022 ஏப்ரல் 4ஆம் நாள் திருப்பதி மாவட்டம் உருவானபோது, நம் நாராயணவனமும், தடா, சூளூர்ப்பேட்டைப் பகுதிகளும் ஒரே மாவட்டத்தில் சேர்ந்தன. ஆகவே ஆற்றின் தலைப்பகுதியும், காயலின் பெரும்பகுதியும் இன்று ஒரே மாவட்டத்தில் அடங்கிவிட்டன. காயலைப் பற்றி அக்கறை கொள்வது பிறர் வேலை என்று நாம் இனி ஒதுங்க இயலாது.

எல்லைக் கோடு காகிதத்தில் உள்ளது. ஆறோ அக்கோட்டை அறியாது. மேலே நாம் ஆற்று மணலை அள்ளினாலும், சாக்கடையைக் கலந்தாலும், குப்பையைக் கொட்டினாலும் அதன் பயனைக் கடையில் அனுபவிப்பவர் பழவேற்காட்டு மீனவர். ஆற்றில் நன்னீர் குறைந்தால் காயலில் உப்பு மிகும். முகத்துவாரத்தைத் தள்ளித் திறக்க வெள்ளத்துக்கு வலிமை இராது. முகத்துவாரம் மூடினால் கடலிலிருந்து இறால் குஞ்சும் மீன் குஞ்சும் உள்ளே வாரா. குஞ்சு வாராவிடில் வலையில் ஒன்றும் விழாது. வலையில் ஒன்றும் விழாவிடில் அந்தப் பிள்ளைகளும் நம்மைப் போல ஊரை விட்டுப் பிழைப்புத் தேடிப் புறப்பட வேண்டியதுதான். ஊரை விட்டு வருதலின் வருத்தம் நாம் அறியாததன்று.

இதனை எல்லாம் எண்ணும்போது ஒன்று விளங்குகிறது. கோட்டையை நம்பிய வல்லரசுகள் மூன்றும் போயின. வெடிமருந்துச் சாலையும் நாணயச்சாலையும் போயின. எஞ்சியிருப்பவர் வலை வீசியவரும், ஓலை முடைந்தவரும், தமிழ் பேசித் தம் தெய்வத்தை வழிபட்டவருமே. ஓர் ஊரைத் தாங்கி நிறுத்துவது அதன் எளிய மக்களின் உழைப்பும் ஒற்றுமையுமே என்பதற்குப் பழவேற்காடு ஒரு சான்று.

நம் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். பிள்ளைகளைத் திருமலைக்கும் காளத்திக்கும் அழைத்துச் செல்வது போல, ஒருமுறை இந்த ஆற்றின் வழியே பழவேற்காட்டுக்கும் அழைத்துச் செல்வோமாக. புத்தூரிலிருந்து சாலை வழியே புறப்பட்டால், கிருஷ்ணதேவராயர் தம் அன்னை நாகலாதேவியின் பெயரால் அமைத்த நாகலாபுரத்தில் வேதநாராயணரைத் தரிசித்து, சுருட்டப்பள்ளி, பெரியபாளையம் கண்டு, மாலைக்குள் காயற்கரையை அடையலாம். நம் வாசலைக் கடந்த நீர் கடலில் கலக்கும் இடத்தை அவர்கள் தம் கண்ணால் காணட்டும். அங்குள்ள பெரியவர்களிடம் பழங்கதை கேட்டுக் குறித்து வரட்டும். அவற்றுள் நல்லனவற்றை அடுத்த ஆண்டு மலரில் அவர்களே எழுதட்டும்.

வாழ்க நம் ஆறு! வாழ்க காயற்கரை மக்கள்! வளர்க நம் சங்கம்!